துண்டு விழுந்தால் யார் பொறுப்பு?



மார்ச் பிறந்தால் கடைவீதிக்கே ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. பகலில் வியாபாரம், இரவில் கணக்கு. ஆடிட்டர் அலுவலகங்களில் விளக்கு அணைய நள்ளிரவாகிறது. டாலியில் காணாமல்போன ஒரு வவுச்சரைத் தேடி நாலு பேர் ஒரே திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்டுக் கணக்கின் பாடு இது என்றால், அன்றாடக் கணக்கின் பாடு வேறு மாதிரி. கடை சாத்தும் நேரத்தில் கல்லாவில் உள்ள ரொக்கத்தை எண்ணி, சிஸ்டம் காட்டும் தொகையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் வீட்டுக்குப் போகலாம். முந்நூறு ரூபாய் துண்டு விழுந்தால்? 'ஷார்ட்' என்பார் முதலாளி. பேச்சு அதோடு முடிந்துவிடும். பல கடைகளில் அது கேஷியரின் சம்பளத்தில் கழியும்.

'சிஸ்டம் தப்பாகக் காட்டியிருக்கக் கூடாதா?' என்று அந்தக் கேஷியர் கேட்டால் பக்கத்தில் நிற்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். மனிதனுக்குக் கை நீளும், கணினிக்குக் கை ஏது என்பது நம் எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் நினைப்பு. அந்த நினைப்பு ஒரு நாட்டின் நீதிமன்றங்களையே எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்றிருக்கிறேன். நடந்தது இங்கிலாந்தில். கதை தொடங்குவது ஒரு டீக்கடையில்.

டீக்கடை என்றதும் நம் ஊர் பெஞ்சையும் பாய்லரையும் நினைத்துவிட வேண்டாம். ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி 1894-இல் லண்டன் பிக்காடில்லி சாலையில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. வெள்ளையும் தங்கநிறமும் பூசிய முகப்போடு அந்தக் கடைகள் ஊரெங்கும் பரவின. ரொட்டி, கேக், ஐஸ்கிரீம், தேயிலைத்தூள் எல்லாமே சொந்தத் தயாரிப்பு. ஹாமர்ஸ்மித் பகுதியில் கேட்பி ஹால் என்ற பெரிய வளாகத்தில் பேக்கரிகளும் தலைமை அலுவலகமும் இருந்தன. தொழில் பெரிது, ஆனால் ஒரு கோப்பை டீயிலும் ஒரு பன்னிலும் கிடைக்கிற லாபமோ மிகச் சிறிது. அந்தச் சில்லறை லாபத்துக்கு ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு சீட்டு. சீட்டுகளைக் கூட்ட, கூட்டியதைச் சரிபார்க்க, சரிபார்த்ததைப் பேரேட்டில் ஏற்ற என்று குமாஸ்தாக்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பன்னில் வந்த லாபத்தைக் கணக்கெழுதும் செலவு தின்றுவிடுமோ என்பதுதான் அந்த நிர்வாகத்தின் தீராத கவலை.

ஜான் சிம்மன்ஸ் என்பவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு 1923-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அலுவலக வேலையை எப்படிச் சுருக்குவது என்று ஆராய்வதற்காகவே அவர் தலைமையில் ஒரு பிரிவு இயங்கியது. ரொட்டி சுடும் கம்பெனிக்கு ஆராய்ச்சிப் பிரிவு எதற்கு என்று அந்தக் காலத்தில் எத்தனை பேர் கேலி பேசினார்களோ! போர் முடிந்தபின், 1947-இல், அலுவலக முறைகளைப் பார்த்துவர தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்ட் என்ற இரு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற கணித அறிஞரை அவர்கள் சந்தித்தார்கள். மின்னணுக் கணினிகளைப் பற்றி விளக்கிய அவர், கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் அப்படியொன்றைக் கட்டிக்கொண்டிருப்பதையும் சொன்னார். கடல் கடந்து தேடிப்போனது உள்ளூரிலேயே இருந்தது.

லயன்ஸ் உடனே வில்க்ஸுக்கு 3,000 பவுண்டு பணமும், கூடமாட வேலை செய்ய ஒரு தொழில்நுட்பரையும் கொடுத்து உதவியது. 1949 மே 6-ஆம் தேதி வில்க்ஸின் எட்சாக் இயந்திரம் தன் முதல் கணக்கைப் போட்டது. அதைக் கண்டதும் கேட்பி ஹாலில் தங்களுக்கென்றே ஒன்றைக் கட்ட லயன்ஸ் இறங்கியது. ஜான் பிங்கர்டன் பொறியாளர். எந்தக் கணக்கை எந்த வரிசையில் இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதைப் பார்த்துக்கொண்டவர் டேவிட் காமினர். இயந்திரத்தின் பெயர் லியோ. ஏறத்தாழ ஆறாயிரம் வால்வுகள், பாதரசம் நிரப்பிய குழாய்களில் நினைவகம், ஒரு கூடம் நிறைய இரும்பு அலமாரிகள். அந்த நினைவகம் இன்று நாம் வாட்ஸப்பில் அனுப்பும் ஒரு பூப்படத்துக்குக்கூடப் போதாது. 1951 செப்டம்பரில் பேக்கரிகளின் வாராந்திர உற்பத்தி மதிப்பைக் கணக்கிட்டுச் சோதித்தார்கள். நவம்பர் இறுதியில் அந்த வேலை முழுவதுமாக லியோவிடம் போனது. ஒரு வணிக நிறுவனத்தின் வழக்கமான கணக்கைக் கணினி ஏற்றுக்கொண்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்று சொல்வார்கள். ஒரு ரொட்டிக்காரர் முந்திக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அடுத்து சம்பளப் பட்டியலும் லியோவுக்கு வந்தது. ஒரு ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட அனுபவப்பட்ட குமாஸ்தாவுக்கு எட்டு நிமிடம் ஆகுமாம். லியோ ஒன்றரை நொடியில் முடித்தது. 1952-இல் அந்தக் குழுவில் சேர்ந்த மேரி கூம்ப்ஸை வணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் பெண் என்று இன்று குறிப்பிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது 1954-இல் வந்த டீக்கடை வேலைதான். ஒவ்வொரு கடைக்கும் அன்றாடம் எத்தனை பன், எத்தனை கேக் என்று ஒரு நிலையான பட்டியல் உண்டு. கடையை நடத்தும் அம்மா தினமும் முழுப் பட்டியலையும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது, ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது போல மாறுதலை மட்டும் பிற்பகலில் தொலைபேசியில் சொன்னால் போதும். எதிர்முனையில் உள்ளவர் அதைக் கேட்டபடியே அட்டையில் துளையிட்டுவிடுவார். அட்டைகளை லியோ விழுங்கி, எந்தப் பேக்கரி எவ்வளவு செய்ய வேண்டும், எந்தக் கடைக்கு எதைக் கட்ட வேண்டும் என்று பட்டியல் அடித்துத் தரும். ஒரே ஒரு தொலைபேசி உரையாடல்தான். அதிலிருந்தே உற்பத்தி ஆணை, அனுப்பும் பட்டியல், வரவுசெலவு, நிர்வாகத்துக்கான அறிக்கை எல்லாம் பிறந்தன. இன்று உங்கள் ஊர் மளிகைக்கடையில் பில் போடும்போது 'டிக்' என்ற ஓசையோடு கையிருப்பு குறைவதும், ஜிஎஸ்டி கணக்கு ஏறுவதும், முதலாளியின் கைபேசியில் அன்றைய விற்பனை தெரிவதும் இதே வேலைதான். ஒரு தடவை பதிந்தால் ஊரெல்லாம் போய்ச் சேரும். பதிவு சரியாக இருந்தால் எல்லாம் சரி. பிழையாக இருந்தாலோ அந்தப் பிழையும் ஊரெல்லாம் போய்ச் சேரும்.

லியோக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆறாயிரம் வால்வில் எது எப்போது கருகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் இயந்திரத்தைச் சந்தேகித்துக்கொண்டே வேலை வாங்கினார்கள். கணக்கின் நடுநடுவே சரிபார்ப்புகளை வைத்தார்கள். குமாஸ்தாக்கள் கையால் போட்ட கணக்கையும் லியோ போட்டதையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துவந்த பிறகே பழைய முறையைக் கைவிட்டார்கள். கணினி நம்பிக்கைக்குரியதா என்பதை அவர்கள் தினமும் கேட்டார்கள். பிற்காலத்தில் அதைக் கேட்காமல் விட்டதன் விலைதான் கதையின் இரண்டாம் பாதி.

இரண்டு பாதிகளையும் இணைக்கும் வம்சாவளி ஒன்று உண்டு. கணினி நன்றாக ஓடியதால் லயன்ஸ் அதையே தனி நிறுவனமாக்கி மற்றவர்களுக்கும் விற்கத் தொடங்கியது. பிரிட்டிஷ் அஞ்சல்துறையும் வாங்கியது. தொலைபேசி பில் போட அங்கே வைத்த லியோ இயந்திரங்கள் 1981 வரை ஓடின. கணினிப் பிரிவு 1963-இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியோடு இணைந்தது. அந்தக் கிளை 1968-இல் ஐசிஎல் என்ற பெரிய நிறுவனத்தில் கலந்தது. ஐசிஎல்லை 1990-இல் தொடங்கி ஜப்பானின் ஃபுஜித்சு கையகப்படுத்தியது. அந்த ஐசிஎல்தான், லியோவின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம், 1990-களின் இறுதியில் பிரிட்டிஷ் அஞ்சலகங்களுக்கு ஒரு கணக்குச் செயலியைச் செய்து கொடுத்தது. அதன் பெயர் ஹொரைசன்.

அங்கே சப் போஸ்ட்மாஸ்டர் என்றால் நம் ஊரைப் போல அரசு ஊழியர் கிடையாது. சொந்தப் பணம் போட்டுக் கடை எடுத்து, அதில் ஒரு பக்கம் பாலும் ரொட்டியும் பத்திரிகையும் விற்று, இன்னொரு பக்கம் அஞ்சலகக் கவுண்டரை ஒப்பந்தத்தில் நடத்துகிறவர். ஓய்வூதியம் வாங்க வரும் முதியவர்கள், தபால்தலை, மின்கட்டணம், சேமிப்புக் கணக்கு எல்லாம் அந்தக் கவுண்டரில்தான். இந்தத் தொழிலுக்கு இந்திய, பாகிஸ்தானிய, இலங்கைக் குடும்பங்கள் நிறையப் போயின. கணவன் மனைவி மாறி மாறி நிற்கிற மூலைக்கடைகள் எப்படி ஓடுகின்றன என்பது லண்டனில் உறவினர் இருக்கிற நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. தங்கள் கவனக்குறைவாலோ பிழையாலோ வரும் நட்டத்துக்கு அவர்களே பொறுப்பு. நாளடைவில் அஞ்சல் நிறுவனம் அதை, எந்தத் துண்டு விழுந்தாலும் நீதான் கட்ட வேண்டும் என்று பொருள் செய்துகொண்டது.

ஹொரைசன் வருவதற்கு முன் வாரக் கணக்கைக் காகிதத்தில் எழுதினார்கள். பணம் குறைந்தால் சீட்டுகளைப் புரட்டுவார்கள். ஓய்வூதிய ரசீது ஒன்று வேறு கட்டில் மாட்டிக்கொண்டிருக்கும், கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள். 1999-இலிருந்து 2000-க்குள் கணினி வந்ததும் அந்த வழி அடைபட்டது. இவ்வளவு இருக்க வேண்டும், இவ்வளவு குறைகிறது என்று திரை சொல்லும். ஏன் குறைகிறது என்று உள்ளே போய்ப் பார்க்கப் போதுமான வசதி கடைக்காரருக்குக் கிடையாது. 2005 வாக்கில் இன்னும் ஒரு முடிச்சு விழுந்தது. மாதக் கணக்கை முடிக்காமல் மறுநாள் கவுண்டரைத் திறக்க முடியாது. கணக்கை முடிக்க வேண்டுமானால் துண்டு விழுந்த தொகையை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்கவில்லை, இது தகராறில் இருக்கிறது என்று சொல்ல அந்தத் திரையில் ஒரு பொத்தான்கூட இல்லை. இதைப் படித்தபோது அந்த வடிவமைப்பின் கொடுமையை நினைத்துச் சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர், சவுத் வார்ன்பரோ. அங்கே கடை வைத்திருந்த ஜோ ஹாமில்டனுக்கு ஒருநாள் இரண்டாயிரம் பவுண்டு குறைந்தது. உதவி எண்ணுக்குப் பேசினார். அவர்கள் சொன்னபடியே பொத்தான்களை அழுத்தினார். அவர் கண்முன்னே அது நாலாயிரமாக இரட்டித்தது. மறுநாள் கடை திறக்க வேண்டுமே என்று கணக்கு சரி என்று ஒப்பமிட்டார். அந்த ஒப்பமே பின்னால் பொய்க்கணக்கு எழுதிய குற்றமானது. கடைசியில் 36,000 பவுண்டு கட்டச் சொன்னார்கள். வீட்டை அடகு வைத்தும் ஊர்க்காரர்கள் கொடுத்த பணத்தைச் சேர்த்தும் கட்டினார். திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், பொய்க்கணக்கை ஒப்புக்கொள் என்ற பேரத்துக்கு அவரைப் போலப் பலர் சிறைக்குப் பயந்து தலையாட்டினார்கள்.

இந்தியாவில் பிறந்த சீமா மிஸ்ரா சர்ரே பகுதியில் வெஸ்ட் பைஃப்ளீட் அஞ்சலகத்தை நடத்தியவர். 74,000 பவுண்டு திருடியதாக 2010 நவம்பரில் அவருக்குப் பதினைந்து மாதச் சிறை. அப்போது அவர் கருவுற்றிருந்தார். தீர்ப்பு வந்த அன்று மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். பிரிட்லிங்டன் ஊரில் லீ காசில்டன் 91 முறை உதவி எண்ணை அழைத்தார். யாரும் வழி சொல்லவில்லை. 25,000 பவுண்டுக்காக அவர்மேல் வழக்குப் போட்டு, 2007-இல் தோற்றதும் 3,21,000 பவுண்டு வழக்குச் செலவையும் தலையில் கட்டினார்கள். மனிதர் திவாலானார். இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. உங்கள் ஒருவருக்குத்தான் இந்தப் பிரச்சினை, வேறு யாருக்கும் இல்லை.

கணினி உள்ளே என்ன செய்தது? டால்மெல்லிங்டன் என்ற ஸ்காட்லாந்து ஊரில் 2015-இல் வெளிப்பட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன், புரிந்துவிடும். தலைமைக் கிளையிலிருந்து வந்த 8,000 பவுண்டு ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கவுண்டரில் பதிய வேண்டும். எண்டர் பொத்தானைத் தட்டினார் ஊழியர். திரை உறைந்து நின்றது. நாமெல்லாம் என்ன செய்வோமோ அதையே அவரும் செய்தார், மறுபடி மறுபடி தட்டினார். ஒவ்வொரு தட்டலையும் உள்ளே கணினி ஒரு தனி வரவாக எழுதிக்கொண்டது. நான்கு முறை. வந்த பணம் எட்டாயிரம், கணக்கில் முப்பத்திரண்டாயிரம். ஆக 24,000 பவுண்டு 'காணவில்லை'. ஒரு வரவுசெலவு நடந்தால் அது ஒரே ஒரு முறை, முழுசாக, பதிய வேண்டும். பாதியில் நின்றால் ஒன்றுமே பதியக் கூடாது. பரிவர்த்தனை மென்பொருள் எழுதுகிறவருக்கு அரிச்சுவடிப் பாடம் இது. வங்கிச் செயலியில் 'திரும்ப அழுத்த வேண்டாம், காத்திருங்கள்' என்று வரும் எச்சரிக்கையும் இதே பயத்தில் பிறந்ததுதான். அந்தப் பாடத்தைத் தவறவிட்ட மென்பொருளை நம்பி ஒரு நாடு தன் குடிமக்களைச் சிறையில் அடைத்தது.

இன்னொன்றும் இருந்தது. ஃபுஜித்சு பொறியாளர்கள் தங்கள் அலுவலகத்திலிருந்தே கிளைக் கணக்குக்குள் நுழைந்து மாற்ற முடியும், கடைக்காரருக்குத் தெரியாமலேயே. அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ரோல் 2015-இல் தொலைக்காட்சியில் அதைச் சொன்னார். அப்படியெல்லாம் முடியவே முடியாது என்று அஞ்சல் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் சாதித்து வந்தது. கல்லாவின் சாவி இன்னொருவரிடமும் இருக்கிறது, ஆனால் குறைந்தால் கட்ட வேண்டியது நீ மட்டும் என்ற கதை.

நீதிமன்றம் எப்படி நம்பியது என்று கேட்பீர்கள். எனக்கு இந்த விவகாரத்திலேயே மிகவும் உறுத்துவது இதுதான். 1984-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் ஒன்று, கணினி அச்சிட்டுத் தந்ததைச் சாட்சியமாகக் காட்ட வேண்டுமானால் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்பதைக் காட்டுகிறவரே நிரூபிக்க வேண்டும் என்றது. தொல்லை பிடித்த விதி என்று 1999-இல் அதை நீக்கினார்கள். 2000 ஏப்ரலில் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கணினி சரியாகத்தான் இயங்கியது என்பதே அனுமானம். இல்லை என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். ஹொரைசன் கிளைகளுக்கு வந்த அதே நேரம். ஒரு கிராமத்துக் கடைக்காரர், தான் திறந்துகூடப் பார்க்க முடியாத மென்பொருளில் எங்கே பிழை என்று எப்படிக் காட்டுவார்? 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ எழுநூறு பேர்மேல் வழக்கு நடத்தியது போலீஸ்கூட இல்லை, அஞ்சல் நிறுவனமே. சந்தேக நபர்களை இன வாரியாக, பழைய காலனிய வசைச்சொற்களோடு, வகைப்படுத்தச் சொன்ன அதன் உள்சுற்று ஆவணம் ஒன்று 2023-இல் வெளியே வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை.

வேல்ஸில் லாண்டட்னோ கடற்கரை ஊரில் கவுண்டர் நடத்திய அலன் பேட்ஸ், துண்டு விழுந்த தொகையை ஏற்க மறுத்ததால் 2003-இல் ஒப்பந்தத்தை இழந்தவர். அவர் ஓயவில்லை. 2009-இல் கம்ப்யூட்டர் வீக்லி பத்திரிகை ஏழு பேரின் கதைகளை வெளியிட்டது. அதே ஆண்டு பாதிக்கப்பட்டவர்கள் ஓர் ஊர்ப்புறக் கூடத்தில் கூடி, 'நான் மட்டும் இல்லையா?' என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்பளித்தார். ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவை கிளைக் கணக்குகளைப் பாதித்தன என்றார். அஞ்சல் நிறுவனத்தின் பிடிவாதத்தை, பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் வாதிடுவதோடு ஒப்பிட்டார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. ஆனாலும் பொதுமக்கள் கொதித்தெழுந்தது 2024 ஜனவரியில் இதைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகுதான். அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்றமே சட்டம் போட்டு மற்றவர்களின் தண்டனைகளை மொத்தமாக நீக்கியது. இந்த விவகாரத்தை விசாரிக்கும் ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின் முதல் தொகுதியில், குறைந்தது பதின்மூன்று பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது. இழப்பீடு நூறு கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

இங்கே நம் நிலை என்ன?

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, கணினிப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்ற சான்றிதழையும் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்று வழக்கறிஞர்கள் அடிக்கடி சொல்வது இதைத்தான். பிரிட்டன் தூக்கியெறிந்த விதியின் ஒன்றுவிட்ட தம்பி நம்மிடம் இருக்கிறது. கம்பெனிகளுக்கு இன்னொரு விதியும் உண்டு. கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற திருத்தப் பதிவு தானாகவே பதிய வேண்டும், அதை அணைத்து வைக்கும் வசதி இருக்கக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். யுபிஐயில் உங்கள் கணக்கில் பணம் கழிந்து எதிராளிக்குப் போகவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், கடைக்குச் செலுத்திய பணமானால் ஐந்து நாளுக்குள். தாமதமானால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

ஆனால் இந்த விதிகள் எதுவும் தெருமுனைக் கடைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. திருத்தப் பதிவு கட்டாயம் கம்பெனிகளுக்குத்தான், தனி உரிமையாளரின் கடைக்கு இல்லை. சாட்சியச் சான்றிதழ் நீதிமன்றத்துக்கு, சம்பளப் பிடித்தத்துக்கு இல்லை. பில்லிங் மென்பொருளை விற்கிறவர் முதலாளிக்கு எல்லா அறிக்கையும் காட்டுகிறார். கவுண்டரில் நிற்கிற பெண்ணுக்கு மொத்தத் தொகை மட்டும் தெரிகிறது. நட்டத்தைச் சுமப்பவர் கையில் விவரம் இல்லை, விவரம் வைத்திருப்பவருக்கு நட்டம் இல்லை. ஹொரைசனின் நோய் இதுதான், அளவுதான் வேறு. மென்பொருளில் பிழை இருப்பது தவிர்க்க முடியாதது, லியோவிலும் இருந்தது. மொத்தத் தொகையிலிருந்து ஒவ்வொரு பதிவாகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் உரிமை, அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்கிறவருக்கு இருக்கிறதா என்பதைத்தான் நான் கேட்பேன்.

கடை நடத்தும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மென்பொருள்காரரை இந்த மாதமே கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ரத்து செய்த பில்லும் திருத்திய பில்லும் அழியாமல் பட்டியலில் நிற்கிறதா? இணையம் போய் வந்தபோது ஒரே பில் இரண்டு தடவை ஏறினால் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? உங்கள் கடைக் கணக்குக்குள் வெளியிலிருந்து அவர்கள் ஆட்கள் நுழைந்தால் அது எங்கே பதிவாகிறது? மூன்றாவது கேள்விக்கு மழுப்பல் பதில் வந்தால் அந்த மென்பொருளை மாற்றிவிடுங்கள்.

கவுண்டரில் வேலை பார்க்கும் வாசகர்களே, கணக்கு ஒத்துப்போகாத அன்று 'சரி' என்று ஒப்பமிடாதீர்கள். குறைந்த தொகையை, நேரத்தோடு, 'நான் ஏற்கவில்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி நல்லவராக இருந்தாலும் எழுதிக் கொடுங்கள். உங்கள் கடையில், வங்கியில், ரேஷன் கவுண்டரில் சிஸ்டம் சொன்ன கணக்கும் கையில் இருந்த கணக்கும் வேறாக இருந்து, பிறகு காரணம் பிடிபட்ட அனுபவம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். ஊரும் பெயரும் வெளியிட வேண்டாம் என்றால் அப்படியே செய்கிறோம். தேர்ந்தெடுத்த கடிதங்கள் அடுத்த இதழில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்